பதினான்காம் கட்டிலின் முதுகு

தன் முதுகெலும்பில் சீழ் பிடித்ததைக்கூட எர்மெலிண்டா ஒருவாறு தாங்கிக்கொண்டாள். அதே மாதம் தன் ஓரகத்தி தொமித்திலாவுக்கும் பிடித்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

இருபத்தாறு வருஷக் கதை இது. யர்லெக்கே வீட்டு அண்ணன் நிகானோரை எர்மெலிண்டா கட்டினாள். தம்பி அபெலினோவைத் தொமித்திலா கட்டினாள். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் எது நடந்தாலும் இரண்டு தடவை நடக்கும். இரண்டாவது தடவை தொமித்திலாவுக்கு, கொஞ்சம் கூடுதல் மினுக்கோடு. எர்மெலிண்டா கூரைத் தகரத்தை மாற்றினால் தொமித்திலா வீட்டில் கான்கிரீட் தளம் எழும்பும். எர்மெலிண்டா கத்தக்காவோஸ் சந்தையில் சாப்பாட்டுக் கடை போட்டாள். ஆறே மாதத்தில் நேர் எதிரே தொமித்திலா ஆட்டுப்பால் பாலாடைக்கட்டித் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். வெள்ளம் வந்த வருஷம் எர்மெலிண்டா வீட்டில் தண்ணீர் இடுப்பளவு நின்றது. பக்கத்து வீடான தொமித்திலா வீட்டு வாசற்படியை மட்டும் நக்கிவிட்டுத் திரும்பிப் போயிற்று.

"ஆத்துக்குக்கூட ஆள் பார்த்து நுழையத் தெரியுது" என்று எர்மெலிண்டா நாலு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை முந்திக்கொண்டது எர்மெலிண்டாதான். சோளக் கஞ்சிப் பானையைத் தூக்கும்போது இடுப்புப் பிடித்தது. தெருமுனை மருந்துக் கடையில் ஒரு ஊசி போட்டுக்கொண்டாள். ஊசி போட்ட இடம் கட்டியாகி உடைந்தது. மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும், நடு முதுகில் கங்கு வைத்த மாதிரி ஒரு வலியும் வந்தன. நிகானோர் அவளை ஆட்டோவில் படுக்கவைத்து சான் கஸியானோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பெண்கள் வார்டில் பதினைந்தாம் கட்டில் கிடைத்தது. கழிப்பறைக் கதவு பக்கத்திலேயே.

எட்டாம் நாள் பக்கத்துப் பதினான்காம் கட்டிலில் ஒருத்தியைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். ஜன்னலோரம், காற்று வரும் இடம்.

"அக்கா! நீ இங்கயா இருக்கே?" என்றாள் தொமித்திலா. "எனக்கும் முதுகுதான். அதே இடமாம்."

எர்மெலிண்டா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தாள். வலி திரும்ப விடவில்லை.

சான் கஸியானோவில் முதுகெலும்பு என்பது இரண்டு பேருடைய சொத்து. எலும்புப் பிரிவுத் தலைவர் டாக்டர் கரிடோ. நரம்பு அறுவைப் பிரிவுத் தலைவர் டாக்டர் அர்புலூ. இருவரும் பதினோரு வருஷமாக நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை, கடிதம் எழுதிக்கொள்வார்கள். முதுகில் சீழ் வந்தவர்களை யார் வெட்டுவது என்பதில் கடிதங்கள் அலமாரி கொள்ளாமல் போனபோது நிர்வாகம் ஒரு குழுவை அமைத்தது. முதுகெலும்புத் தொற்று உயர்நிலைக் குழு. அதற்கு அறுபத்துநாலு பக்க விதி ஏடு உண்டு, தனி முத்திரை உண்டு, செவ்வாய்க்கிழமை உண்டு. மற்ற ஆறு நாளும் சீழ் காத்திருக்க வேண்டும்.

அடுத்து வந்த செவ்வாயன்று குழு எர்மெலிண்டாவின் கட்டிலுக்கு வந்தது. டாக்டர் கரிடோ படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"அம்மா, எலும்பு என்னுடையது. உங்க எலும்புல ஒரு கீறல் விழட்டும், ராத்திரி பகல் பார்க்காம வந்து நிப்பேன். நரம்பு டாக்டர் அர்புலூவுடையது. ஆனா உங்க சீழ் எலும்புக்கு உள்ளே, நரம்புக்கு வெளியே உக்காந்திருக்கு. அது எல்லைப் பகுதி. அங்கே நான் இறங்கினா டாக்டர் அர்புலூ அதைப் படையெடுப்பா எடுத்துக்குவார்."

"கண்டிப்பா எடுத்துக்குவேன்" என்றார் டாக்டர் அர்புலூ, கூரையைப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு.

"அப்ப யாருதான்யா வெட்டுவீங்க?"

"அதைத் தீர்மானிக்கத்தானேம்மா குழு."

டாக்டர் அர்புலூ அவள் பாதத்தில் கையை வைத்து, "அழுத்துங்க" என்றார். "மேலே தூக்குங்க. ம். நாலு."

"எத்தனைக்கு?"

"அஞ்சுக்கு."

எர்மெலிண்டாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில்கூட அவள் அவ்வளவு வாங்கியதில்லை. பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கிற மாதிரி, "நாலா!" என்றாள். "எத்தனை வந்தா ஆபரேஷன் செய்வீங்க?"

"மூணுக்குக் கீழே."

"கீழேயா?"

"விதி அப்படி. கால் விழணும், இல்ல எலும்பு சரியணும், இல்ல ஆறு வாரம் மருந்து கொடுத்தும் காய்ச்சல் நிக்காம இருக்கணும். உங்களுக்கு மூணுமே இல்ல."

"அப்ப நான் நல்லாயிருக்கேன்னுதான் செய்யாம இருக்கீங்களா?"

"நல்லா இல்லாம போனதும் உடனே செய்வோம்மா" என்றார் டாக்டர் கரிடோ. "அதுல எங்களுக்குத் துளிகூடத் தயக்கம் கிடையாது."

அந்த வாரம் இரண்டு பேருக்கும் முதுகில் ஊசி விட்டுக் கிருமியைச் சோதனைக்கு எடுத்தார்கள். எர்மெலிண்டாவின் முடிவுதான் முதலில் வந்தது. தோலிலும் மூக்கிலும் எல்லாருக்கும் இருக்கிற கிருமி. டாக்டர் கரிடோ அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, கல்யாண வீட்டில் பழைய சோறு போட்டதுபோல முகத்தைச் சுளித்தார்.

தொமித்திலாவின் முடிவு வந்தபோது வார்டே மாறிப்போயிற்று. ஆடுகளிடமிருந்து காய்ச்சாத பால் வழியாக வரும் கிருமியாம். புருசெல்லா என்று பெயராம். அந்தப் பெயரை டாக்டர் அர்புலூ, பெற்ற பெண்ணுக்குப் பேர் சூட்டுகிறவர் மாதிரி மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். அக்டோபரில் லிமா நகரில் தேசிய மாநாடு இருந்தது. இரண்டு பிரிவிலும் இதுவரை கொண்டுபோக ஒன்றும் சிக்கவில்லை.

"எலும்பு அரிச்சிருக்கு. ஆகவே என்னுடையது" என்றார் டாக்டர் கரிடோ.

"வேர்நரம்பு சிவந்திருக்கு. ஆகவே என்னுடையது" என்றார் டாக்டர் அர்புலூ.

எல்லைப் பகுதி என்ற பேச்சே எழவில்லை. மறுநாளிலிருந்து பதினான்காம் கட்டிலைச் சுற்றி மாணவர் கூட்டம். படம் பிடித்தார்கள். மின்விசிறி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். மத்தியானம் எல்லாருக்கும் தண்ணீர்ச் சாறு என்றால் தொமித்திலாவுக்கு மட்டும் சிவப்பு ஜெல்லி.

எர்மெலிண்டாவுக்கு வயிறெரிந்தது. வழியில் போன டாக்டர் கரிடோவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"டாக்டர், அவ செய்யற பாலாடைக்கட்டிய நானும் தின்னிருக்கேன். இருபது வருஷமா ஆட்டுக்கறி வெட்டறேன். ஆடு விஷயத்துல அவளைவிட நான் சீனியர்."

"உங்க ரத்தத்துல அந்தக் கிருமி இல்லைம்மா."

"சரியாத் தேடியிருக்க மாட்டீங்க!"

டாக்டர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு நடந்தார்.

"அக்கா, பாதி ஜெல்லி எடுத்துக்கோ" என்றாள் தொமித்திலா.

"உன் எச்சிலுக்கா நான் காத்துக் கிடக்கேன்? நீயே தின்னு."

ஆனால் தொமித்திலாவுக்கு ஜெல்லி இறங்கவில்லை. அவளுக்கு ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. முதலில் இரண்டு பிரிவும் இரண்டு தேதி குறித்தன. பிறகு ஒரு சமாதானம் வந்தது. டாக்டர் கரிடோ முன்னாலிருந்து வயிற்று வழியாக நுழைவார், டாக்டர் அர்புலூ பின்னாலிருந்து முதுகு வழியாக நுழைவார், நடுவில் சந்திப்பார்கள். படம் பிடிப்பவர் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் நிற்க முடியாது என்று சொன்னதால் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. முதுகு வழி மட்டும் போதும். இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர். வரும் வியாழன் காலை எட்டு மணிக்கு.

வார்டில் சிஸ்டர் ஸோய்லா இருந்தாள். முப்பது வருஷமாக அந்த மாடியிலேயே கிடப்பவள். பேசுவது குறைவு, பார்ப்பது அதிகம். தொமித்திலா அவளிடம் அழுதாள்.

"சிஸ்டர், வெட்டாம தீராதா?"

"உனக்கு மாத்திரையும் ஊசியும் போதும்மா. மூணு மாசம் விடாம சாப்பிட்டா சரியாயிடும். ஆட்டுக்கிருமிக்கு நூத்துல பத்துப் பேருக்குத்தான் கத்தி வேணும். நீ அந்தப் பத்துல இல்ல." சிஸ்டர் குளுக்கோஸ் குழாயைத் தட்டினாள். "ஆனா மாத்திரையை மாநாட்டுல படம் போட்டுக் காட்ட முடியாதே."

புதன்கிழமை காலை எர்மெலிண்டா கழிப்பறைக்குப் போக எழுந்தாள். இடது காலில் செருப்பு நிற்கவில்லை. மாட்டினாள், நழுவியது. மறுபடி மாட்டினாள். குனிந்து பார்த்தால், தூக்கு என்று அவள் சொன்னதைக் கட்டைவிரல் கேட்கவில்லை. தரையைத் தேய்த்துக்கொண்டே இரண்டு அடி போனவள் கட்டில் கம்பியைப் பிடித்து நின்றாள். முதலில் நெஞ்சு பதறியது. அடுத்த நிமிஷமே இன்னொன்று தோன்றியது.

"சிஸ்டர்! சிஸ்டர், ஓடி வாங்க! எனக்கு மூணு வந்துடுச்சு!"

சிஸ்டர் ஸோய்லா பாதத்தைப் பிடித்துப் பார்த்தாள். முகம் இறுகியது. "மூணுதான்."

"அப்ப செய்வாங்கல்ல?"

"மூணுக்குக் கீழேன்னுதான் விதி. மூணு, மூணுக்குக் கீழே இல்ல."

"அட! அப்ப ரெண்டு வரட்டும்" என்றாள் எர்மெலிண்டா. "எத்தனை நாளாகும்?"

சிஸ்டர் கட்டிலோரம் உட்கார்ந்தாள். முப்பது வருஷத்தில் அவள் நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்தது அபூர்வம். "இங்க பாருங்கம்மா. சீழ் நரம்பை நெரிக்குது. இன்னிக்கோ நாளைக்கோ எடுத்தா கால் திரும்பும். ரெண்டுக்கு வந்தப்புறம் எடுத்தா ரெண்டாவே நின்னுடும். அப்படி நின்னவங்களை நான் சக்கர நாற்காலியில தள்ளியிருக்கேன். எண்ணிக்கை சொல்ல மாட்டேன்."

எர்மெலிண்டா தன் இடது பாதத்தைக் குனிந்து பார்த்தாள். அடுப்புக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து எந்தப் பானையை இறக்குவது? எட்டாத பானையை எதிரே இருப்பவள் பார்த்துக்கொண்டிருப்பாளே என்பதுதான் அவளுக்கு அடுத்துத் தோன்றியது. அப்போதுதான் அழுகை வந்தது.

சிஸ்டர் அவசரக் குறிப்பு எழுதி எடுத்துப் போனாள். எலும்புப் பிரிவு எழுத்தர், "நரம்புப் பிரிவு முத்திரை இல்லாம நாங்க தொடக்கூடாது" என்றார். நரம்புப் பிரிவு எழுத்தர், "எலும்புப் பிரிவு முத்திரை வந்தா நாங்க போடறோம்" என்றார். இயக்குநர் அறைக்குப் போனாள். இயக்குநர் குறிப்பை இரண்டு தடவை படித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சிஸ்டர், நிலைமை எனக்குப் புரியுது. மனசு வலிக்குது. அதனாலதான் இதைச் செவ்வாய்க்கிழமைப் பட்டியல்ல முதல் பொருளா வைக்கச் சொல்றேன். முதல் பொருள்! இதுக்கு மேல ஒரு இயக்குநர் என்ன செய்ய முடியும்?"

வியாழன் காலை, மற்றவர்கள் முகம் கழுவப் போயிருந்த நேரம். சிஸ்டர் ஸோய்லா இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்று, யாரையும் பார்க்காமல் போர்வை மடித்தாள்.

"பேர் எழுதிக் கட்டற கைப்பட்டை தீர்ந்து ஏழு மாசம் ஆச்சு" என்றாள் போர்வையிடம். "கட்டில் காலடியில தொங்குற பலகையைப் பார்த்துத்தான் ஆளைத் தள்ளிட்டுப் போறாங்க. பதினாலுன்னா பதினாலு." மடித்த போர்வையை வைத்துவிட்டு, "நான் படக் கவர் எடுத்து வைக்கணும். கால் மணி நேரம் ஆகும்" என்று போய்விட்டாள்.

தொமித்திலா தன் கட்டில் காலடிப் பலகையை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா" என்றாள் தொமித்திலா. "நீ என் கட்டிலுக்கு வா."

"மாட்டேன்."

"அக்கா, உன் கால் போகுது."

"போகட்டும். இருபத்தாறு வருஷமா உனக்கு மிச்சமானதைத்தான் நான் பார்த்துக்கிட்டு இருக்கேன். இப்ப உனக்கு வேண்டாம்னு தள்ளின ஆபரேஷனும் எனக்கா? ஊர் சிரிக்கும்."

"ஊருக்கு யார் சொல்லப் போறா? எனக்குப் பயமா இருக்கு அக்கா. நேத்து அந்த ரெண்டு பேரும் என் முதுகுல பேனாவால கோடு போட்டு, ஆளுக்குப் பாதின்னு பிரிச்சாங்க. ஆட்டைப் பங்கு போடற மாதிரி." தொமித்திலா மூக்கைச் சிந்தினாள். "நீ ஒண்ணு தெரிஞ்சுக்கோ. உன் கடைக்கு எதிர்ல நான் உக்காந்தது உன் வயித்தை எரிக்க இல்ல. உன்கிட்ட வர்ற கூட்டத்துல நாலு பேர் என் பக்கம் திரும்பட்டும்னுதான். என்னைத் தேடி எவன் வந்தான்? நீ ஒரு தட்டு வச்சுக்கிட்டு நாலு வார்த்தை சொன்னா சந்தையே சிரிக்கும். எனக்கு அது வராது. அதைப் பார்த்து நான் எத்தனை நாள் சோறு திங்காம படுத்திருக்கேன் தெரியுமா?"

எர்மெலிண்டா கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தச் செய்தி அவளுக்கு மருந்தைவிட இதமாக இறங்கியது.

"எத்தனை நாள்?" என்றாள்.

"நிறைய நாள்."

"சரி, கையைக் கொடு. ஜன்னல் பக்கம் காத்தாவது வரும்."

இரண்டு நோயாளிகளும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு, மூன்றடி தூரத்தை முனகி முனகிக் கடந்து கட்டில் மாறினார்கள். சிஸ்டர் வந்தபோது பதினான்காம் கட்டில் கொக்கியில் எர்மெலிண்டாவின் படங்களும் ரத்த வகைச் சீட்டும் இருக்கிற கவரைச் சரியாக மாட்டினாள். படத்தின் மூலையில் பெயர் இருந்தது. அந்த மூலையை யாரும் பார்த்ததாக அந்த ஆஸ்பத்திரி வரலாற்றில் இல்லை.

அறுவை அறையில் மயக்க மருந்து டாக்டர் மட்டும் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர். "பேர் சொல்லுங்க" என்றார்.

"தொமி... தொமித்திலா." பச்சை மிளகாயைக் கடித்த மாதிரி இருந்தது.

"வயசு?"

எர்மெலிண்டாவுக்கு ஐம்பத்துமூன்று. "நாப்பத்தாறு" என்றாள். அன்று காலை அவளுக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம்.

டாக்டர் முகமூடிக்கு மேலாக அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "வெயில்ல நிறைய நிப்பீங்களோ?"

பதில் சொல்வதற்குள் மயக்கம் வந்துவிட்டது.

கவிழ்த்துப் போட்டால் எல்லாரும் முதுகுதான். இரண்டு தலைவர்களும் இரண்டு பக்கமும் நின்றார்கள். பேனாக்கோடு காணவில்லை, வியர்வையில் அழிந்திருக்கும் என்று டாக்டர் கரிடோ படம் பிடிப்பவரிடம் சொன்னார், அர்புலூவுக்குக் கேட்கட்டும் என்று. கத்தி எடுத்துவிட்டால் இருவரும் கெட்டிக்காரர்கள்; அதை மறைப்பது நியாயமில்லை. எலும்பின் பின்பக்கத்தைத் திறந்ததும் சீழ் பீறிட்டது. உறிஞ்சி, கழுவி, எலும்புகளுக்கு நடுவே அழுகிப்போன வட்டைச் சுரண்டி எடுத்து, நெரிபட்ட நரம்பை விடுவித்தார்கள். எலும்பு ஆடாமல் நிற்க நான்கு திருகாணி, இரண்டு கம்பி. திருகாணி ஆளுக்கு இரண்டு. கடைசித் தையல் யாருடையது என்பதில் மட்டும் இருபது நிமிஷம் தாமதமாயிற்று.

சாயங்காலம் கண் விழித்த எர்மெலிண்டா முதலில் போர்வையை விலக்கச் சொன்னாள். கட்டைவிரலைப் பார்த்தாள். "ஏய்" என்றாள் அதனிடம். விரல் நெல்மணி அளவு அசைந்தது. மூன்றாம் நாள் இடுப்புக் கவசம் கட்டி நிற்கவைத்தார்கள். மருந்தை மட்டும் சிஸ்டர் ஸோய்லா பலகை பார்க்காமல் ஆள் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிகானோர் மாதுளம்பழத்தோடு வந்து, பதினைந்தாம் கட்டிலில் தம்பி பெண்டாட்டி கிடப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றபோது, "பழத்தை இங்க கொண்டாய்யா, வாயை மூடிக்கிட்டு" என்று ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

பிறகு வந்த நாட்கள் எர்மெலிண்டாவின் வாழ்க்கையிலேயே சிறந்தவை. மாணவர்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். மின்விசிறி அவள் பக்கம் திரும்பியிருந்தது. சிவப்பு ஜெல்லி தினமும் வந்தது. ஒரே ஒரு முள். எல்லாரும் அவளை, "எப்படி இருக்கீங்க தொமித்திலா அம்மா?" என்று கேட்டார்கள். "அவளுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கா" என்பாள்.

செவ்வாய்க்கிழமை குழு வந்தது. முதல் பொருள், பதினைந்தாம் கட்டில். டாக்டர் அர்புலூ போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த தொமித்திலாவின் பாதத்தை அழுத்தினார். புருவம் உயர்ந்தது. மறுபடி அழுத்தினார்.

"அஞ்சு!"

குழுவில் ஒரு சலசலப்பு. போன வாரம் மூன்று என்று அவசரக் குறிப்பு வந்த கால் அது.

டாக்டர் கரிடோ மாணவர்கள் பக்கம் திரும்பினார். "கவனிங்க. இந்த அம்மாவுக்கு உடனே கத்தி வைக்கணும்னு நம்ம மேல எத்தனை நெருக்கடி! நாம அசைஞ்சோமா? இல்ல. பதறினோமா? இல்ல. நாம ஒண்ணும் செய்யல. அதோட பலன்தான் இந்தக் கால். ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்கும் ஒரு பயிற்சி வேணும். அந்தப் பயிற்சி நம்ம ஆஸ்பத்திரியில இருக்கு."

விதி ஏடு அன்றே திருத்தப்பட்டது. இனிமேல் மூன்றுக்குக் கீழே அல்ல, இரண்டுக்குக் கீழே. சிஸ்டர் ஸோய்லா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு வார்டை விட்டு வெளியே போனாள். அவள் போனதைக் குழு குறித்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் அறுவையில் எடுத்த சீழின் சோதனை முடிவு வந்தது. முன்பு ஊசி விட்டு எடுத்ததில் ஆட்டுக்கிருமி; இந்தச் சீழிலோ சாதாரணக் கிருமி. பார்த்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே முதுகில் இரண்டு! தவறு நடந்திருக்கலாம் என்று ஆய்வகத்தில் ஒருவர் சொன்னாராம். அவரை ரத்த வங்கிக்கு மாற்றினார்கள். மாநாட்டுக் கட்டுரையின் தலைப்பில் "இரட்டை" என்ற சொல் சேர்ந்தது.

வீட்டுக்குப் போகும் நாளில் எர்மெலிண்டாவின் கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். அறுவை இல்லாமல் குணமானார் என்று இருந்தது. கைத்தடி ஊன்றி ஆவணப் பிரிவுக்குப் போனாள்.

"எனக்கு ஆபரேஷன் ஆச்சு தம்பி."

எழுத்தர் கோப்பைப் புரட்டினார். "ஆகல."

அவள் திரும்பி நின்று ரவிக்கையை உயர்த்தினாள். நடு முதுகில் ஒரு சாண் நீளத் தழும்பு, பூரான் மாதிரி.

எழுத்தர் நிதானமாகப் பார்த்தார். "அது உங்க முதுகு. இது உங்க கோப்பு. நாங்க கோப்புக்குத்தான் பொறுப்பு."

ஆறு மாதம் கழித்து ஆஸ்பத்திரியின் ஆண்டு விழா. தொமித்திலாவுக்கு முத்திரை போட்ட அழைப்பு வந்தது. "இரட்டைத் தொற்றை வென்ற பெண்மணி" என்று. மாத்திரையால் அவளும் நன்றாகத் தேறியிருந்தாள். "நான் தனியாப் போக மாட்டேன் அக்கா, நீயும் வா" என்று கெஞ்சினாள். எர்மெலிண்டா வரமாட்டேன் என்று சொல்லி, இருப்பதிலேயே நல்ல பாவாடையைக் கட்டிக்கொண்டு, கைத்தடி இல்லாமல், நிகானோரோடு போய் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள்.

மேடையில் ஒரு பெரிய படம் வைத்திருந்தார்கள். நான்கு திருகாணி, இரண்டு கம்பி.

"அது என் எலும்பு" என்றாள் எர்மெலிண்டா.

"மெதுவா" என்றான் நிகானோர்.

"என் எலும்புய்யா. அவ பேரைப் போட்டிருக்கான்."

"விடு. நீ நடக்கறே. அவன் பேரை எதுல வேணாப் போட்டுக்கட்டும்."

தொமித்திலாவுக்குப் பூச்செண்டு கொடுத்தார்கள், நாடா போட்டார்கள். டாக்டர் கரிடோ இடப்பக்கத்தைப் பற்றிப் பேசினார். டாக்டர் அர்புலூ வலப்பக்கத்தைப் பற்றிப் பேசினார். கைதட்டல் அடங்கியபோது லிமாவிலிருந்து வந்திருந்த கிழப் பேராசிரியர் ஒருவர் எழுந்தார்.

"அந்தத் தழும்பை நான் பார்க்கலாமா?"

தொமித்திலா மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். எர்மெலிண்டாவின் முதுகில் தையல் போட்ட இடம் சுருக்கென்றது. இதுதான் நேரம். எழுந்து நின்று, இதோ இங்கே இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாடாவும் பூவும் படமும் எல்லாம் இந்தப் பக்கம் வரும். அவள் பாதி எழுந்தும்விட்டாள். அப்போது சுவரோரம் நின்ற சிஸ்டர் ஸோய்லா கண்ணில் பட்டாள். படக் கவரை மாட்டிய கை, துணி மடிப்பைக் கசக்கிக்கொண்டிருந்தது. எர்மெலிண்டா உட்கார்ந்தாள். அதற்குப் பட்ட பாடு ஆபரேஷனுக்குப் பட்டதைவிடப் பெரிது.

மேடையில் தொமித்திலா, வேறு வழியில்லாமல், திரும்பி நின்று ரவிக்கையைப் பின்பக்கம் நாலு விரல் உயர்த்தினாள்.

வழுவழுவென்று, கண்ணாடி மாதிரி ஒரு முதுகு. கொசு கடித்த தடம்கூட இல்லை.

டாக்டர் கரிடோ டாக்டர் அர்புலூவைப் பார்த்தார். டாக்டர் அர்புலூ டாக்டர் கரிடோவைப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக இருவருக்கும் ஒரே எண்ணம் ஒரே நொடியில் உதித்தது.

டாக்டர் கரிடோ ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டார். "தழும்பு தெரியல இல்லையா?" என்றார். "அதுதான் எங்க தையல்."

"எங்க ரெண்டு பேர் தையல்" என்றார் டாக்டர் அர்புலூ.

முதலில் எழுந்து கைதட்டியவர் இயக்குநர். அப்புறம் மண்டபமே எழுந்தது. லிமா பேராசிரியர் குனிந்து குனிந்து பார்த்து, எந்த நூல் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். தையல் முறைக்கு ஒரு துணைக் குழு அமைக்கப்படும் என்று இயக்குநர் அங்கேயே அறிவித்தார்.

தொமித்திலா இறங்கி வந்து எர்மெலிண்டாவின் பக்கத்து நாற்காலியில் விழுந்தாள். "செத்துட்டேன்னு நினைச்சேன் அக்கா. தெய்வமே, நீ வாயைத் திறக்காம இருந்தியே."

எர்மெலிண்டா கைதட்டல் ஓயும்வரை மேடையையே முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் திரும்பி, தொமித்திலாவின் ரவிக்கை விளிம்பை ஒரு விரலால் தூக்கி உள்ளே பார்த்தாள்.

"ஏன்டி," என்றாள், "நிஜமாவே இப்படி வழுவழுன்னு வச்சிருக்கியே, என்னடி தேய்க்கிறே?"